கிப்சன் கண்டதும் கிப்சன் சொன்னதும்

2001 மே 4, வெள்ளிக்கிழமை இரவு. தெற்குக் கலிஃபோர்னியாவின் லகுனா ஹில்ஸிலிருந்து இயங்கிவந்த கிப்சன் ரிசர்ச் கார்ப்பரேஷன் என்ற சிறு மென்பொருள் நிறுவனத்தின் இணையதளம் முடங்கியது. நிறுவனத்துக்கு இருந்தவை இரண்டு டி-1 இணைப்புகள். இரண்டும் சேர்ந்தால் நொடிக்குச் சுமார் 3 மெகாபிட். அவற்றில் குப்பைப் பாக்கெட்டுகள் வந்து குவிந்தன. 17 மணி நேரம் வாடிக்கையாளர் எவராலும் உள்ளே நுழைய முடியவில்லை. இணையச் சேவை தரும் நிறுவனம் தன் ரவுட்டரில் வடிகட்டி போட்ட பிறகுதான் தளம் மீண்டது.

உரிமையாளர் ஸ்டீவ் கிப்சன் இன்னொருவராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். இவர் வந்த பாக்கெட்டுகளைப் பிடித்துவைத்து, அனுப்பிய முகவரிகளை எண்ணினார். 474 கணினிகள். அத்தனையும் விண்டோஸ், உரிமையாளருக்கே தெரியாமல் எவனோ ஆட்டிவைக்க ஆடியவை. அவற்றில் புகுந்திருந்த கள்ள நிரலின் பிரதி ஒன்று அவர் கைக்கு வந்தது. அதைப் பிரித்துப் பார்த்து, எந்த ஐ.ஆர்.சி. அரட்டை அறையில் போய் அது உத்தரவுக்குக் காத்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். அதே நிரலைப் போல நடிக்கும் வேவு நிரல் ஒன்றை எழுதி அங்கே அனுப்பி ஒட்டுக்கேட்டார். தாக்கியவன் தனக்கு 13 வயது என்றான். தன்னைப் போன்றவர்களைக் கிப்சன் இளக்காரமாகப் பேசியதாக யாரோ சொன்னார்களாம், கோபம் அதனால்தான்.

இதையெல்லாம் கிப்சன் துப்பறியும் கதை போல எழுதி வெளியிட்டார். கணினி தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் படித்தார்கள். அதன் இறுதியில் அவர் வந்து சேர்ந்த முடிவு, பாதுகாப்புத் துறையில் பல ஆண்டுகள் ஓயாத சண்டையைக் கிளப்பிவிட்டது. கால் நூற்றாண்டாகக் கிப்சனைச் சுற்றி நடக்கும் சர்ச்சைகள் பலவற்றுக்கும் இதே அமைப்புதான். கண்ணால் கண்டதை அவர் பெரும்பாலும் சரியாகவே காண்கிறார். அதற்குச் சொல்லும் காரணத்திலும், நாளை என்ன ஆகும் என்று போடும் கணக்கிலும்தான் மற்றவர்கள் அவரோடு மல்லுக்கு நிற்கிறார்கள்.

1955இல் பிறந்த கிப்சன், 15 வயதிலேயே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். பிறகு பெர்க்லியில் மின் பொறியியலும் கணினி அறிவியலும் படித்தார். 1981இல் தொடங்கிய கிப்சன் லேபரட்டரீஸ், ஆப்பிள் 2, அட்டாரி கணினிகளுக்கு ஒளிப்பேனா செய்து விற்றது, 1983இல் மூடப்பட்டது. 1985இல் இப்போதைய நிறுவனத்தை ஆரம்பித்தார். மறு ஆண்டிலிருந்து 1993 வரை ‘இன்ஃபோவேர்ல்ட்’ வார இதழில் ‘டெக் டாக்’ என்ற பத்தியை எழுதினார். எழுத்தாளராக அவர் பெயர் பரவியது அங்கேதான்.

அவருக்குச் சோறு போட்டது ஸ்பின்ரைட். 1980களின் கடைசியில் வந்த இந்த மென்பொருளைப் புரிந்துகொள்ள அந்தக்கால ஹார்ட் டிஸ்க்கைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். தட்டு நிமிடத்துக்கு 3,600 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு 16.7 மில்லி நொடி. ஒரு தடத்தில் 17 செக்டர்கள். கன்ட்ரோலர் ஒரு செக்டரைப் படித்துக் கணினிக்குக் கொடுத்து முடிப்பதற்குள் அடுத்த செக்டர் தலையைத் தாண்டிப் போய்விடும். அதைப் பிடிக்க இன்னொரு முழுச் சுற்று காத்திருக்க வேண்டும். அதனால் செக்டர்களை அடுத்தடுத்து எண்ணாமல் இடைவெளி விட்டு எண்ணினார்கள். ஐ.பி.எம். எக்ஸ்.டி. கணினியில் இந்த இடைவெளிக் கணக்கு ஆறுக்கு ஒன்று. இடைவெளி தேவைக்குமேல் இருந்தால் நேரம் வீண். குறைந்துவிட்டாலோ, ஒரே தடத்தைப் படிக்க 17 சுற்று ஆகிவிடும். கணினியை வாங்கியவர்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும் அதை மாற்ற டிஸ்க் முழுவதையும் அழித்து மறுபடி ஃபார்மட் செய்ய வேண்டியிருந்தது.

ஸ்பின்ரைட் ஒரு தடத்தைப் படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். அந்தத் தடத்தை மட்டும் சரியான இடைவெளியில் புதிதாக ஃபார்மட் செய்யும். தரவைத் திரும்ப எழுதும். அடுத்த தடத்துக்குப் போகும். ஒரு கோப்பும் போகாது, வேகம் மட்டும் கூடும். பழுதான செக்டரைத் திரும்பத் திரும்பப் படித்து, கிடைத்த துணுக்குகளிலிருந்து தரவை ஊகித்து மீட்கும் வேலையும் அதிலேயே இருந்தது. முழுக்க அசெம்பிளி மொழியில் எழுதப்பட்ட நிரல். சி, சி++ என்று உலகம் நகர்ந்த பிறகும் கிப்சன் அசெம்பிளியை விடவில்லை. அவருடைய கருவிகள் பலவும் இன்றைய கணக்கில் ஒரு புகைப்படத்தைவிடச் சிறியவை.

பின்னர் வந்த ஐ.டி.இ. டிஸ்க்குகள் செக்டர் அமைப்பைத் தங்களுக்குள்ளேயே பார்த்துக்கொண்டன. வெளியிலிருந்து அதை மாற்ற வழியில்லை. ஸ்பின்ரைட் பிறந்த காரணம் அதோடு போனது. தரவு மீட்பு மட்டும் மிஞ்சியது. அதிலும் ஒரு சர்ச்சை. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் கெட்ட இடத்தையே நூற்றுக்கணக்கான முறை படிக்க முயன்றால் மீதியும் போய்விடும், முதலில் படிக்க முடிந்ததையெல்லாம் வேறு டிஸ்க்குக்கு நகலெடுக்க வேண்டும் என்பது தரவு மீட்புத் தொழிலில் இருப்பவர்கள் பின்பற்றும் நடைமுறை. 89 டாலர் கொடுத்து வாங்கித் தங்கள் கோப்புகளைத் திரும்பப் பெற்றவர்களின் சாட்சியம் மறுபக்கம். இரண்டும் உண்மையாக இருப்பதில் தடையில்லை. டிஸ்க் எப்படிப் பழுதானது என்பதைப் பொறுத்து விடை மாறும்.

1999இல் கிப்சன் பாதுகாப்பின் பக்கம் திரும்பினார். அமெரிக்க வீடுகளுக்கு அப்போதுதான் கேபிள் இணைப்பும் டி.எஸ்.எல்.லும் வந்துகொண்டிருந்தன. விண்டோஸ் 98இல் கோப்புப் பகிர்வை இயக்கிவைத்தவர் பலருக்கு, தங்கள் ‘சி’ டிரைவ் உலகத்துக்கே திறந்து கிடப்பது தெரியாது. அவர் உருவாக்கிய ‘ஷீல்ட்ஸ் அப்’ என்ற இலவசச் சோதனை, பயனரின் கணினியை வெளியிலிருந்து தட்டிப் பார்க்கும். திறந்திருந்தால் கணினியின் பெயரைத் திரையில் காட்டும். வல்லுநர்கள் அறிக்கை மேல் அறிக்கை எழுதியும் உறைக்காத விஷயம், தன் கணினியின் பெயரை முன்பின் தெரியாத ஒரு திரையில் பார்த்ததும் உறைத்தது. ஸோன்அலாரம் போன்ற ஃபயர்வால்கள் சாதாரண மக்களிடம் போய்ச் சேர்ந்ததில் இந்தச் சோதனைக்குப் பெரிய பங்கு உண்டு.

சோதனை முடிவை மூன்று வகையாகச் சொன்னார்: போர்ட் திறந்திருக்கிறது, மூடியிருக்கிறது, ‘ஸ்டெல்த்’. மூன்றாவது வகையில் தட்டினால் பதிலே வராது. அப்படி ஒரு கணினி அங்கே இருப்பதே தெரியாது என்றார். வலையமைப்புப் பொறியாளர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். கணினி உண்மையிலேயே இல்லாவிட்டால், முந்தைய ரவுட்டர் ‘அந்த முகவரியை எட்ட முடியவில்லை’ என்று செய்தி அனுப்பும். அந்தச் செய்தியும் வரவில்லை, பதிலும் இல்லை என்றால் ஆள் உள்ளேதான் இருக்கிறார் என்று அர்த்தம். ‘மூடியது’ என்ற பதிலே போதுமான பாதுகாப்பு; அதற்குமேல் வெறும் ஜம்பம் என்பது அவர்கள் வாதம். ஆனால் லட்சக்கணக்கான முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்த்துப் போகும் தானியங்கி நிரல், பதில் தராத முகவரியில் நின்று யோசிப்பதில்லை, அடுத்ததற்குப் போய்விடும். தேர்ந்தெடுத்துத் தாக்குபவனை ஸ்டெல்த் ஏமாற்றாது. குருட்டாம்போக்கில் அலையும் நிரலை ஓரளவு ஏமாற்றும். கிப்சன் இந்த வேறுபாட்டைப் பயனருக்குச் சொல்லியிருக்கலாம். பச்சை நிறத்தில் ‘தேர்ச்சி’ என்று காட்டுவதோடு நின்றுவிட்டார்.

அதே காலத்தில், ஆரியேட் என்ற விளம்பர நிரல் இலவச மென்பொருள்களோடு சேர்ந்து வந்து கணினியில் ஒட்டிக்கொள்வதைக் கண்டு ‘ஆப்ட்அவுட்’ என்ற நீக்கும் கருவியை வெளியிட்டார். ஸ்பைவேர் நீக்கும் கருவிகளில் முதலில் வந்த சிலவற்றில் அதுவும் ஒன்று. பிற்பாடு ஆட்-அவேர் அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்வதைப் பார்த்ததும், தன் கருவியைக் கைவிட்டு அதையே பரிந்துரைத்தார். ஸ்பைவேர் தொல்லையைப் பொறுத்தவரை அவரை யாரும் பெரிதாக மறுக்கவில்லை. மறுப்பு வெடித்தது 2001இல்.

அந்த 474 கணினிகளை அவரால் எண்ண முடிந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. விண்டோஸ் 98 போன்றவற்றில் சாதாரண நிரல், தான் அனுப்பும் பாக்கெட்டில் பொய்யான அனுப்புநர் முகவரியைப் போட முடியாது. யூனிக்ஸில் முடியும், விண்டோஸ் 2000இலும் முடியும். ரா சாக்கெட் என்னும் வசதி அதற்கு வழி கொடுத்தது. கடிதத்தின் பின்புறம் வேறொருவர் முகவரியை எழுதி அனுப்புவது போன்றதுதான் இது. 2001 அக்டோபரில் வரவிருந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யில் அந்த வசதி ஒவ்வொரு வீட்டுக் கணினிக்கும் கிடைக்கப் போகிறது, நிர்வாகி உரிமை இருந்தால்தான் இயங்கும் என்ற தடையும் எக்ஸ்.பி. ஹோமில் பயனில்லை, அங்கே எல்லோரும் நிர்வாகியாகத்தானே உட்காருகிறார்கள் என்றார் கிப்சன். இனி வரும் தாக்குதல்களில் அனுப்பியவரை எண்ணவும் முடியாது, வடிகட்டவும் முடியாது. இணையமே நிலைகுலையும் என்பது அவர் எச்சரிக்கை.

மைக்ரோசாஃப்ட் அசைந்து கொடுக்கவில்லை. கள்ள நிரல் உள்ளே வந்துவிட்டால் கதை அங்கேயே முடிந்தது, எந்தச் சாக்கெட் இருந்தால் என்ன என்பது அவர்கள் பதில். மற்ற வல்லுநர்களும் கிட்டத்தட்ட இதையே சொன்னார்கள். பழைய விண்டோஸிலும் ஒரு டிரைவரை நிறுவினால் முகவரியைப் பொய்யாக்கலாம். உண்மையான மருந்து இணையச் சேவை நிறுவனங்களிடம் இருக்கிறது. தன் வாடிக்கையாளர் அல்லாத முகவரியோடு வெளியேறும் பாக்கெட்டை அவர்கள் வாசலிலேயே மறிக்க வேண்டும். இதற்கான நடைமுறை 2000 மே மாதத்திலேயே ஆவணமாக வந்துவிட்டது. ‘தி ரெஜிஸ்டர்’ போன்ற இதழ்கள் கிப்சனைக் கேலிப்பொருளாக்கின.

நடந்தது என்ன? 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு, விண்டோஸ் 2000, எக்ஸ்.பி. கணினிகளில் பரவியது. மைக்ரோசாஃப்டின் அப்டேட் தளத்தையே தாக்கும் வேலை அதற்குள் எழுதப்பட்டிருந்தது. அனுப்பிய பாக்கெட்டுகளில் அனுப்புநர் முகவரியின் கடைசிப் பகுதி பொய். ரா சாக்கெட் வழியாகச் செய்தது. கிப்சன் சொன்ன அதே வழி. ஆனால் புழு குறிவைத்த பெயரை மைக்ரோசாஃப்ட் நீக்கிவிட, தாக்குதல் பிசுபிசுத்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2, எக்ஸ்.பி.யின் ரா சாக்கெட்டை முடக்கியது: டி.சி.பி. பாக்கெட்டை அதன் வழியே அனுப்ப முடியாது, யு.டி.பி.யில் பொய் முகவரி செல்லாது. கிப்சன் கட்சிக்காரர்கள் இதை வெற்றியாகக் கொண்டாடினார்கள். எதிர்க்கட்சிக்கும் ஒரு சான்று கிடைத்தது. என்மேப் என்ற வலையமைப்பு ஆய்வுக் கருவி, விரைவிலேயே ஈதர்நெட் ஃபிரேம்களை நேரடியாக அனுப்பி இந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. வழி தெரிந்தவனுக்கு அது தடையே இல்லை.

இணையம் நிலைகுலையவும் இல்லை. பிற்காலத்துப் பெருந்தாக்குதல்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் இன்னும் சுவையானது. 2016இன் மிராய், லினக்ஸில் ஓடும் கண்காணிப்புக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்து ஆட்டியது. அதற்குப் பொய் முகவரி பெரிதாகத் தேவைப்படவில்லை. 2018 பிப்ரவரியில் கிட்ஹப் தளத்தை நொடிக்கு 1.35 டெராபிட் அளவில் தாக்கியவர்களுக்குப் பொய் முகவரிதான் மூலதனம். கிட்ஹப்பின் முகவரியை அனுப்புநராகப் போட்டு மெம்கேஷ்ட் சர்வர்களுக்குச் சிறு கேள்விகளை அனுப்பினார்கள். அவை பிரமாண்டமான பதில்களைக் கிட்ஹப் தலையில் கொட்டின. இத்தகைய பிரதிபலிப்புத் தாக்குதலுக்குக் கிப்சனின் தளமே 2002 ஜனவரியில் ஆளாகியிருக்கிறது. ரவுட்டர்கள் திருப்பியனுப்பிய பதில்கள் வந்து குவிவதைப் பார்த்து, அதன் இயக்கத்தை விளக்கி எழுதினார். ஆய்வாளர் வெர்ன் பாக்சன் முந்தைய ஆண்டே அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தாலும், பொது வாசகருக்குப் புரியும்படி சொன்னவர் கிப்சன். பொய் முகவரிதான் ஆபத்து என்ற அவர் கருத்து நின்றது. அந்த ஆபத்து வீட்டு விண்டோஸிலிருந்து கிளம்பும் என்ற ஊகம் நிற்கவில்லை.

2006 ஜனவரியில் நடந்த சண்டையில் அவர் சரிந்தது இன்னும் வெளிப்படை. 2005 டிசம்பர் இறுதியில், ஒரு படத்தைத் திறந்தாலே கணினி பறிபோகும் ஓட்டை விண்டோஸில் கண்டுபிடிக்கப்பட்டது. டபிள்யூ.எம்.எஃப். படக் கோப்பு என்பது வரையும் கட்டளைகளின் வரிசை. அச்சிடும் வேலையை இடையில் நிறுத்தினால் எந்த நிரலை ஓட்டுவது என்று சொல்லும் பழைய கட்டளை ஒன்றும் அதற்குள் இடம்பெறலாம். அந்தக் கட்டளையின் இடத்தில் எதிரி தன் நிரலை வைத்தால் விண்டோஸ் ஓட்டிவிடும். மைக்ரோசாஃப்ட் ஜனவரி 5 அன்று திருத்தம் வெளியிட்டது.

கிப்சன் அந்த ஓட்டையைத் தானே சோதித்தார். கட்டளையின் நீளத்தைக் குறிக்கும் இடத்தில் ‘1’ என்ற தவறான எண்ணைப் போட்டால் மட்டும் வேலை செய்தது. சரியான எண்ணுக்கு வேலை செய்யவில்லை. அர்த்தமற்ற ஓர் எண்ணுக்கு மட்டும் திறக்கும் கதவு தற்செயலாக அமையாது, மைக்ரோசாஃப்டில் யாரோ வேண்டுமென்றே வைத்த பின்வாசல் இது என்றார். செய்தி தீயாகப் பரவியது. மைக்ரோசாஃப்டின் பாதுகாப்புக் குழு மறுத்தது: எந்த நீளத்துக்கும் அது திறக்கும், சோதனைக் கோப்பில் அந்தக் கட்டளையைக் கடைசியில் வைத்தால்தான் தவறான எண்ணுக்கு மட்டும் திறப்பதுபோலத் தோன்றும். மார்க் ரசினோவிச்சும் தனியாக நிரலைப் பிரித்துப் பார்த்தார். அப்போது அவர் மைக்ரோசாஃப்ட் ஊழியர் அல்லர். சில மாதங்களுக்கு முன்புதான் சோனி இசைத்தட்டுகளில் ஒளிந்திருந்த ரூட்கிட்டை அம்பலப்படுத்தியவர். பெருநிறுவனத்துக்குப் பரிந்து பேசுகிறார் என்று அவரை யாரும் தள்ள முடியாது. அவர் கண்ட முடிவு: நிரலை ஓட்டும் வசதி தெரிந்தே வைத்ததுதான், ஆனால் பழைய விண்டோஸ் காலத்து வடிவமைப்பின் மிச்சம், இரகசியப் பின்வாசல் இல்லை.

கிப்சனின் பலமும் பலவீனமும் ஒரே வேரிலிருந்து வருவது இங்கே தெரிகிறது. அசெம்பிளியில் எழுதுபவருக்குத் தன் நிரலின் ஒவ்வொரு பைட்டும் தான் தெரிந்து வைத்தது. அதே கண்ணோடு, நூற்றுக்கணக்கானவர்கள் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஒட்டுப்போட்டு வளர்த்த விண்டோஸைப் பார்த்தால், விசித்திரமான ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் ஆள் நிற்பதாகத் தோன்றும். கோப்பில் இன்னொரு கட்டளையைக் கூடுதலாகச் சேர்த்து ஒருமுறை சோதித்திருந்தால் அவருடைய வாதம் அவருக்கே உடைந்திருக்கும்.

2014இல் இதற்கு நேர்மாறாக நடந்தது. ட்ரூகிரிப்ட் என்ற புகழ்பெற்ற குறியாக்க மென்பொருளை அதன் பெயர் தெரியாத படைப்பாளிகள் மே மாதத்தில் திடீரென்று கைவிட்டார்கள். ‘இது பாதுகாப்பற்றது’ என்ற அறிவிப்போடு. ஸ்னோடன் வெளிப்படுத்தல்கள் வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. உளவு நிறுவனத்தின் கைவரிசை என்று பலரும் எழுதினார்கள். கிப்சனோ, படைப்பாளிகள் அலுத்துப்போய் விலகிவிட்டார்கள், கடைசி முழுப் பதிப்பை இன்னும் நம்பலாம் என்றார்; அதைத் தன் தளத்தில் பாதுகாத்தும் வைத்தார். 2015 ஏப்ரலில் முடிந்த சுயேச்சையான தணிக்கை பின்வாசல் எதையும் காணவில்லை. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் கூகுளின் ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபோர்ஷா, அதன் விண்டோஸ் டிரைவரில் இரண்டு ஓட்டைகளைக் கண்டார். பராமரிக்க ஆளில்லாத மென்பொருளில் அவை திருத்தப்படாமலே கிடந்தன. சதி இல்லை என்றது சரி. நம்பிப் பயன்படுத்தலாம் என்றதற்கு ஆயுள் குறைவாக இருந்தது.

அவரை இன்றைய தலைமுறை அறிவது பெரும்பாலும் ‘செக்யூரிட்டி நவ்’ பாட்காஸ்ட் மூலமாகத்தான். ஒலிபரப்பாளர் லியோ லபோர்ட்டோடு 2005 ஆகஸ்டில் தொடங்கிய வாராந்தர நிகழ்ச்சி, 2024 நவம்பரில் 1000ஆவது பகுதியைத் தொட்டது. 999ஓடு நிறுத்துவதாகச் சொல்லி வந்தவர், மனம் மாறித் தொடர்கிறார். ஒவ்வொரு பகுதிக்கும் முழு எழுத்து வடிவமும், மெதுவான இணைப்பு உள்ளவர்களுக்காக 16 கிலோபிட் அளவிலான ஒலிக்கோப்பும் தன் தளத்தில் கொடுக்கிறார். சான்றிதழ்கள் எப்படி இயங்குகின்றன, பொதுச் சாவிக் குறியாக்கம் என்றால் என்ன என்று மணிக்கணக்கில் விளக்குவார். நடுவே வைட்டமின் டி பற்றி ஒரு முழு நிகழ்ச்சி நடத்திய கூத்தும் உண்டு.

2013இல் அவர் முன்வைத்த எஸ்.கியூ.ஆர்.எல். என்ற உள்நுழைவு முறை இன்னொரு கதை. பயனரிடம் ஒரே ஒரு முதன்மைச் சாவி. அதையும் தளத்தின் பெயரையும் கலந்து ஒவ்வொரு தளத்துக்கும் தனிச் சாவி பிறக்கும். தளம் வைத்திருப்பது பொதுச் சாவி மட்டும். திருடு போனாலும் திருடனுக்குப் பயனில்லை. எல்லா விவரங்களையும் தானே இழைத்து இழைத்து முடிக்க ஆறு ஆண்டு எடுத்துக்கொண்டார். அவர் முடித்த 2019ஆம் ஆண்டு மார்ச்சில், இதே பொதுச் சாவிக் கொள்கையில் அமைந்த வெப்ஆத்தன் முறையை டபிள்யூ3சி தரநிலையாக அறிவித்துவிட்டது. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் அதன் பின்னால் நின்றன. இன்றைய பாஸ்கீ அதன்மேல் எழுந்ததுதான். எஸ்.கியூ.ஆர்.எல்.ஐ ஏற்ற பெரிய தளம் என்று ஒன்றைச் சொல்ல முடியாது. தரநிலையை ஒரு குழுவாக உட்கார்ந்து பேரம் பேசி எழுதுகிறார்கள். கிப்சன் தனியாகவே வேலை செய்து பழகியவர்.

2024 தொடக்கத்தில் ஸ்பின்ரைட் 6.1 வெளிவந்தது. முந்தைய 6.0 வந்தது 2004இல். அதை வாங்கியவர்களுக்கு இது இலவசம். இதை எழுதும்போது அவர் கவனித்த ஒன்று புதிய விவாதத்தைத் தொடங்கிவைத்தது. சில எஸ்.எஸ்.டி.க்களில், இயங்குதளம் குடியிருக்கும் தொடக்கப் பகுதியைப் படிக்கும் வேகம், மற்ற பகுதிகளைவிடப் பலமடங்கு குறைந்திருந்தது. அடிக்கடி படிக்கப்பட்டு, திரும்ப எழுதப்படாத செல்களில் மின்னேற்றம் மெல்ல விலகுகிறது, கன்ட்ரோலர் பிழைதிருத்தப் போராடுவதால் தாமதம், ஒருமுறை திரும்ப எழுதினால் வேகம் மீளும் என்கிறார். பழைய தரவு மந்தமாவது அவர் கற்பனை அன்று. 2014இல் சாம்சங் 840 ஈவோ டிரைவ்களில் இது நடந்து, தரவை மறுபடி எழுதும் திருத்தக் கருவியை சாம்சங்கே வெளியிட நேர்ந்தது. ஆனால் எஸ்.எஸ்.டி. செல்லுக்கு இத்தனை முறைதான் எழுதலாம் என்று ஆயுள் கணக்கு உண்டு. ஒவ்வொரு முறை திரும்ப எழுதும்போதும் அதில் ஒன்று கழியும். வருடத்துக்கு ஒரு தரம் என்றால் பொருட்படுத்த வேண்டியதில்லை. மாதாமாதம் ஓட்டுபவருக்கு அது தேவையா என்பதில் ஸ்பின்ரைட் பயனர்களுக்கும் சேமிப்பகப் பொறியாளர்களுக்கும் இடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை.